நள்ளிரவில் விழித்திருக்கும் பிள்ளை: பார்வையில்லாத குழந்தைகளின் தூக்கமும் உடல் கடிகாரமும் – பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) விடிகாலை ஐந்தரைக்கு முதல் மோட்டார் கிளம்பும். செம்பனைத் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகிறவர்கள். பார்வையில்லாத என் மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது, அந்தச் சத்தம் கேட்கிற நேரத்தில்தான் அவள் கண் அசரும். எட்டரைக்கே படுக்கப் போட்டாலும் நள்ளிரவு தாண்டி உட்கார்ந்து கை தட்டுவாள், பாடுவாள், காலி மைலோ டின்னைத் தரையில் உருட்டுவாள். இரண்டு மூன்று வாரம் இப்படிப் போகும். பிறகு தானாகவே சரியாகிவிடும். எட்டரைக்குத் தூங்கி ஆறரைக்கு எழுவாள். அப்பாடா என்று நாங்கள் மூச்சு விட்டு முடிப்பதற்குள் பழைய கதை திரும்பிவிடும்.

மாமியார் கோயிலில் கயிறு மந்திரித்து வந்து கட்டினார். கட்டிய பதினைந்தாம் நாள் தூக்கம் சரியானது. கயிற்றுக்கு நல்ல பேர். பக்கத்து வீட்டு அக்கா, "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க" என்றார். ஒரு கிளினிக்கில் சளி மருந்தைக் கொடுத்து, "இதைக் குடிச்சா தூங்கிடும்" என்றார்கள். தூக்கம் கெடுவதையே எல்லோரும் பார்த்தார்கள். கெட்ட தூக்கம் எப்படித் தானாகச் சரியாகிறது, ஏன் கணக்கு வைத்தாற்போலத் திரும்புகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு கணக்கு நோட்டில் எழுதத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. அந்த நோட்டுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை.

உடம்புக்குள் ஓடும் கடிகாரம்

இரண்டு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்காகச் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில், சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சின்னத் திரள் ஒன்று இருக்கிறது. தூக்கம், உடல் வெப்பம், சுரப்பிகள் எல்லாவற்றுக்கும் நேரம் சொல்வது அதுதான். ஆனால் அது சரியாக 24 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிப்பதில்லை. 1999இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் அளந்தபோது சராசரியாக 24 மணி 11 நிமிடம் வந்தது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும்.

அப்படியானால் நாமெல்லாம் ஏன் தினமும் 11 நிமிடம் தள்ளிப் போவதில்லை? வெளிச்சம்தான் காரணம். காலை வெளிச்சம் கண்ணுக்குள் விழும்போது கடிகாரம் திருத்தப்படுகிறது. இந்த வேலையை முக்கியமாகச் செய்பவை, நாம் உருவங்களைப் பார்க்கப் பயன்படுத்தும் அணுக்கள் அல்ல. விழித்திரையின் உள் அடுக்கில் மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட சில நரம்பணுக்கள் தனியாக இருக்கின்றன. அவை நீல நிற வெளிச்சத்துக்கு அதிகம் எதிர்வினை காட்டும். அதனால், எதுவுமே தெரியவில்லை என்று சொல்லும் சிலருக்குக்கூட வெளிச்சத்தின் செய்தி கடிகாரத்துக்குப் போய்ச் சேர்கிறது. 1995இலேயே இதை ஆய்வில் காட்டிவிட்டார்கள்.

வெளிச்சம் துளிகூட உள்ளே போகாதவர்களில் பாதிப் பேருக்கும் மேல் கடிகாரம் தன் போக்கில் ஓடுகிறது. ஒரு பிள்ளையின் சுற்று 24 மணி 30 நிமிடம் என்று வையுங்கள். தினமும் அரை மணி நழுவும். பத்து நாளில் ஐந்து மணி நேரம். எட்டரைக்கு வரவேண்டிய தூக்கம் ஒன்றரைக்கு வரும். 48 நாளில் ஒரு முழுச் சுற்று முடிந்து மறுபடி எட்டரைக்கு வந்து நிற்கும். கயிறு ஜெயித்த கதை இதுதான்.

என் மாமனார் அடிக்கடி சொல்வார்: 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்களாம், தோட்டத்தில் ஒரு வாரம் எல்லோரும் அதைப் பற்றியே புலம்பினார்களாம். அது ஒரே ஒரு முறை. என் மகளின் உடம்பு தினம் தினம் அப்படி, அதுவும் பின்னோக்கி.

படி 1: கண் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி

"பார்வை எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். "வெளிச்சம் உள்ளே போகிறதா?" என்று கேளுங்கள். தூக்கத்துக்கு வேண்டிய பதில் இரண்டாவதில்தான் இருக்கிறது.

காரணத்தைப் பொறுத்து நிலைமை மாறும். குறைமாதத்தில் பிறந்து விழித்திரை முழுவதும் பிரிந்துவிட்ட பிள்ளைகளுக்கு (என் மகள் 27ஆவது வாரத்தில் பிறந்தவள்), கண் உருவாகாமலே பிறந்தவர்களுக்கு, விழித்திரைப் புற்றுநோயால் இரண்டு கண்களும் எடுக்கப்பட்டவர்களுக்கு, கடிகாரம் நழுவும் வாய்ப்பு அதிகம். குளுக்கோமா (கண் அழுத்த நோய்) முற்றினால் செய்தி கொண்டுபோகும் நரம்பணுக்களே அழிகின்றன. அங்கும் சிக்கல் வரலாம். கண்புரை, கருவிழி வெண்மை போன்றவற்றில் வெளிச்சம் மங்கலாகவாவது போகும். மூளையின் பார்வைப் பகுதி பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கண்ணும் கடிகாரத்துக்கான பாதையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவர்கள் தூங்காததற்கு வலிப்பு, தசை இறுக்கம், மருந்து என்று வேறு காரணம் தேட வேண்டும். பார்வை நரம்பு வளர்ச்சி குறைந்து பிறந்த பிள்ளைகளில் சிலருக்கு ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பி இரண்டும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கலாம். அவர்களுக்கு ஹார்மோன் பரிசோதனை அவசியம், தூக்கத்துக்காக மட்டுமல்ல.

இன்னொன்று. பார்வையில்லாத கண்ணை அழகுக்காக எடுத்துவிட்டுச் செயற்கைக் கண் வைக்கலாம் என்ற பேச்சு வந்தால், அந்தக் கண் கடிகாரத்துக்கு வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். புற்றுநோய்க்காக எடுக்கச் சொன்னால் அது உயிர்ப் பிரச்சினை. அங்கே தூக்கத்தைக் காட்டித் தாமதிக்கக் கூடாது.

படி 2: நோட்டு

கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள், இரண்டு மூன்று வெள்ளிதான். ஒரு நாளுக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு 24 கட்டம். வரியை நள்ளிரவில் தொடங்காமல் பகல் பன்னிரண்டில் தொடங்கி மறுநாள் பகல் பன்னிரண்டில் முடியுங்கள். அப்போதுதான் இரவு நடுவில், உடையாமல் வரும். பிள்ளை தூங்கிய கட்டங்களை பென்சிலால் கருப்பாக்குங்கள். பாதி மணி நேரம் என்றால் பாதிக் கட்டம். சாப்பாட்டுக்குச் 'சா', மருந்துக்கு 'ம', வலிப்புக்கு 'வ' என்று ஓரத்தில் குறித்தால் போதும். அதற்கு மேல் எழுத நினைத்தால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். நான் அப்படித்தான் முதல் நோட்டை விட்டேன்.

பார்வையில்லாத பிள்ளை சத்தமில்லாமல் படுத்திருந்தால் தூங்குகிறது என்று நினைத்துவிடுவோம். கைவிரல்கள் அசைகின்றனவா, கண்ணை அமுக்குகிறதா, மூச்சு ஆழமாக வருகிறதா என்று பார்த்துக் கட்டத்தை நிரப்புங்கள். பகல் தூக்கத்தையும் விடக்கூடாது. பிடிகே மையத்திலோ (மாற்றுத்திறனாளிகளுக்கான சமூக மறுவாழ்வு மையம்) பள்ளியிலோ, வேனிலோ தூங்கினால் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

குறைந்தது ஆறு வாரம், முடிந்தால் எட்டு. இரண்டு வாரம் எழுதிவிட்டு முடிவுக்கு வராதீர்கள். இரண்டு வாரத்தில் நழுவலின் ஒரு துண்டுதான் தெரியும். என் கணவர் அப்போது தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் வாரத்தில் அவர் வந்து எழுதுவார், மற்ற வாரம் நான். யார் விழித்திருக்கிறார்களோ அவர்கள் கையில் பென்சில்.

படி 3: நோட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பது

சுவரில் சாய்த்து வைத்து நான்கடி தள்ளி நின்று பாருங்கள். எங்கள் நோட்டில் கருப்புப் பட்டை மாடிப்படி மாதிரி வலப்பக்கம் இறங்கிக்கொண்டே போனது. பக்கத்தின் ஓரத்தைத் தொட்டு, மறுபடி இடப்பக்கத்திலிருந்து தொடங்கியது. அதுதான் நழுவும் கடிகாரம். மருத்துவத்தில் இதை 24 மணி நேரம் அல்லாத தூக்க விழிப்புக் கோளாறு என்கிறார்கள்.

எல்லா வீட்டிலும் படி இவ்வளவு தெளிவாக விழாது. பள்ளிக்கு அடித்துப் பிடித்து எழுப்பி, இரவில் வம்பாகப் படுக்கப் போடுவதால், பட்டை நடுவிலேயே நிற்பது போலத் தெரியலாம். அப்போது இரவுத் தூக்கம் நீளமாக இருக்கும் வாரங்களும், இரவு துண்டு துண்டாகிப் பகல் தூக்கம் கூடும் வாரங்களும் மாறி மாறி வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் அடியில் நழுவல் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

பட்டை நேராக, ஆனால் தினமும் பதினொன்று பன்னிரண்டில் தொடங்கினால் அது வேறு: தாமதமான கடிகாரம், அல்லது வீட்டுப் பழக்கம். இதைச் சரிசெய்வது சுலபம். பட்டை நேராக இருந்து நடுநடுவே ஓட்டைகள் விழுந்தால் உடம்பில் ஏதோ தொந்தரவு கொடுக்கிறது. ஒரு ஒழுங்குமே இல்லாமல் பகலிலும் இரவிலும் துண்டுகளாகச் சிதறியிருந்தால் நரம்பியல் டாக்டர் பார்க்க வேண்டும்.

மொத்தக் கட்டங்களையும் எண்ணுங்கள். பகல் தூக்கமும் சேர்த்து 1–2 வயதில் 11–14 மணி, 3–5 வயதில் 10–13, 6–12 வயதில் 9–12, பதின்ம வயதில் 8–10 மணி என்பது பொதுவான அளவு. மொத்தம் சரியாக இருந்து நேரம் மட்டும் தவறினால் பிள்ளைக்குத் தூங்கத் தெரிகிறது, எப்போது என்றுதான் தெரியவில்லை.

படி 4: உடம்பைப் பார்த்துவிடுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள், ஆனால் இதிலேயே தங்கவும் வேண்டாம். குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று திணறினால் டான்சில், மூக்குச் சதை. இரவில் ஆசனவாயைச் சொறிந்தால் கீரிப்பூச்சி. விரலிடுக்கில் சொறிந்தால் சிரங்கு. வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். கால் உதறினால் இரும்புச்சத்து பார்க்கச் சொல்லுங்கள். குளுக்கோமா உள்ள பிள்ளை இரவில் கண்ணைப் பிடித்துக்கொண்டு அழுதால் அது வலி, பிடிவாதம் இல்லை. அன்றே கண் டாக்டர். வலிப்பு மருந்து, ஸ்டெராய்டு போன்றவையும் தூக்கத்தை மாற்றும். நீங்களாக நிறுத்தாமல், வேளையை மாற்றலாமா என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம் தே (தேநீர்). நம் வீடுகளில் மூன்று வயதிலேயே சாயங்காலம் தே கொடுத்து, ரொட்டி தோய்த்துச் சாப்பிடக் கொடுக்கிறோம். மதியத்துக்குப் பிறகு தேயும் கோப்பியும் வேண்டாம்.

படி 5: பகலைக் கட்டுவது

இரவைச் சரிசெய்ய இரவில் முயன்று பலனில்லை. எழும் நேரத்தைப் பிடியுங்கள். எப்போது தூங்கினாலும் ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒரே நேரத்தில் எழுப்புவது, படுக்கும் நேரத்தை வற்புறுத்துவதைவிட நல்லது. தூக்கம் நம் கையில் இல்லை, எழுப்புவது இருக்கிறது.

வெளிச்சம் கொஞ்சமாவது போகும் பிள்ளை என்றால் உங்களிடம் பெரிய ஆயுதம் இருக்கிறது. எழுந்ததும் அரை மணி நேரமாவது வெளியே வெயிலில். இங்கே ஒரு உள்ளூர்ச் சிக்கல் உண்டு. நம் கடிகாரப்படி சூரியன் ஏழு மணிக்குப் பிறகுதான் எழுகிறது. பள்ளி வேன் ஆறேகாலுக்கே, இருட்டில், வந்து நிற்கிறது. ஏழரைக்கு வகுப்புக்குள் போய்விடுவார்கள். காலை வெயிலே படாமல் பிள்ளையின் பாதி நாள் போய்விடும். ஆசிரியரிடம் சொல்லி, ஓய்வு நேரத்தில் கேண்டீனுக்குள் உட்கார வைக்காமல் திடலோரம் உட்காரச் செய்யுங்கள். வகுப்பில் சன்னல் பக்க இடம் கேளுங்கள். சாயங்காலம் ஏழரைக்குப் பிறகு வெள்ளை டியூப் லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் விளக்குக்கு மாறுங்கள். கண்ணருகே போன் வைத்துப் பார்க்கும் குறைபார்வைப் பிள்ளைகளிடமிருந்து அதை எட்டு மணிக்கு வாங்கிவிடுங்கள். 'எதுவும் தெரியாதே, லைட் எரிந்தால் என்ன' என்று விடாதீர்கள். மெலனாப்சின் அணுக்கள் பிழைத்திருக்கலாம்.

வெளிச்சமே போகாத பிள்ளைக்குச் சாப்பாடு, ஓட்டம், குளியல், மனிதக் குரல் இவைதான் நேரம் சொல்லும். வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் பலவீனமானவைதான். ஆனாலும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினால் சில பிள்ளைகளுக்கு அதுவே போதுமாகிறது. நாங்கள் ஊரின் சத்தங்களைக் கொண்டே அட்டவணை போட்டோம். பெரட்டு மோட்டார்கள் போனதும் எழும்பக் கூடாது. அவை 'இன்னும் இரவு' என்பதற்கு அடையாளம். ரொட்டிக்காரரின் ஹார்ன் கேட்டால் வாசலுக்கு ஓடி ரொட்டி வாங்க வேண்டும், அது பகல். மதியம் வெண்டைச் செடிக்குத் தண்ணீர். ஐந்து மணிக்குத் தாத்தாவோடு திடல் வரை கைப்பிடித்து ஓட்டம். பார்வையில்லாத பிள்ளைகளை விழுந்துவிடுமென்று பயந்து நாள் முழுக்க உட்கார வைக்கிறோம். ஓடாத உடம்புக்கு அசதி எங்கிருந்து வரும்?

பகல் தூக்கம் மூன்று மணிக்குள் முடியட்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நழுவல் மோசமாக இருக்கும் வாரங்களில் இதைப் பிடிவாதமாகச் செய்யாதீர்கள். அந்த வாரங்களில் பிள்ளையின் உடம்புக்குள் மதியம்தான் நள்ளிரவு.

படி 6: இரவும், விழித்துவிட்ட நேரமும்

படுக்கும் முன் நடப்பவை தினமும் அதே வரிசையில் இருக்க வேண்டும்: வெந்நீர்க் குளியல், அதே எண்ணெய் வாசனை, அதே துணி, அதே பாட்டு. கண்ணால் இருட்டைப் பார்க்காத பிள்ளைக்கு இந்த வரிசைதான் இருட்டு. எங்கள் வீட்டில் ஒரு பழைய கைலி இருக்கிறது; இரவில் மட்டும் அவள் கைக்கு வரும், காலையில் மடித்து உள்ளே போய்விடும்.

வீட்டின் சத்தமும் இரவாக வேண்டும். எங்கள் தவறு இங்கேதான் இருந்தது. கணவர் நைட் ஷிப்ட் இல்லாத நாளிலும் விழித்தே பழகி, இரண்டு மணிக்கு டிவி போட்டுச் சோறு சூடாக்குவார். மிளகாய் வாசனையும் பேச்சுக் குரலும் வந்தால் அவள் அதைப் பகல் என்றுதானே எடுத்துக்கொள்வாள்?

நடுஇரவில் விழித்தால் பேச்சைக் குறையுங்கள். "இன்னும் ராத்திரி" என்ற ஒரே வாக்கியம், தாழ்ந்த குரலில். விளையாட்டு வேண்டாம், சாப்பாடு வேண்டாம், தண்ணீர் சரி. தூங்கு தூங்கு என்று மிரட்டாதீர்கள். சத்தம் வராத இரண்டு பொருள்கள், ஒரு துணிப் பொம்மையும் முடிச்சுப் போட்ட கயிறும், கட்டிலில் இருக்கட்டும். அவள் அமைதியாக விழித்திருக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்ட அன்றிலிருந்துதான் எங்கள் வீட்டில் அழுகை குறைந்தது. பெற்றோர் முறை வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் ஒரு மணி வரை, மற்றவர் அதற்குப் பிறகு. தாய் ஒருத்தியே எட்டு வாரம் தாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

படி 7: மெலடோனின் பற்றி டாக்டரிடம் பேசுவது

மெலடோனின் என்பது இரவு வந்துவிட்டதென்று உடம்பு தானே சுரக்கும் ஹார்மோன். நழுவும் கடிகாரத்துக்கு அதை மருந்தாகக் கொடுக்கும்போது அது தூக்க மாத்திரையாக வேலை செய்வதைவிடக் கடிகாரத்தைத் திருத்துவதுதான் முக்கியம். 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெளிச்சமே தெரியாத 7 பெரியவர்களில் 6 பேரின் கடிகாரம் இரவு மெலடோனினால் 24 மணி நேரத்துக்கு வந்தது. பிறகு அவர்களில் 3 பேருக்கு அளவைப் படிப்படியாக அரை மில்லிகிராம் வரை குறைத்தும் அது நிலைத்தது. ஆக, அதிகம் கொடுத்தால் அதிக பலன் என்ற கணக்கு இங்கே செல்லாது.

அளவைவிட நேரம் பெரிது. தினமும் அதே நேரம். தவறான நேரத்தில் கொடுத்தால் கடிகாரம் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். எப்போது தொடங்குவது என்பதையும் நோட்டுதான் சொல்லும்: நழுவிக்கொண்டே போகிற தூக்கம் தானாகவே எட்டரை ஒன்பதுக்கு வரும் வாரத்தில் அதைப் பிடித்து நிறுத்துவது வழக்கம். வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். நிறுத்தினால் பெரும்பாலும் நழுவல் திரும்பும். வலிப்பு உள்ள பிள்ளை, வேறு மருந்து எடுக்கும் பிள்ளை என்றால் டாக்டர் இதைத் தனியாக யோசிக்க வேண்டும்.

நீங்களாக இணையத்தில் மிட்டாய் வடிவில் வருவதை வாங்காதீர்கள். 2023இல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட 25 மெலடோனின் மிட்டாய்களைச் சோதித்தபோது 22இல் லேபிளில் சொன்ன அளவு தவறாக இருந்தது. ஒன்றில் மெலடோனினே இல்லை. நம் நாட்டில் எந்த மருந்துப் பெட்டியிலும் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சளி மருந்தைத் தூக்கத்துக்குக் கொடுப்பதும் வேண்டாம். மயக்கம் வரும், கடிகாரம் அசையாது.

ஈப்போவுக்குக் குழந்தை டாக்டரிடம் நோட்டை எடுத்துக்கொண்டு போனபோது, நான் வாயே திறக்கவில்லை. அவர் பக்கங்களைப் புரட்டி, மாடிப்படியை விரலால் தடவி, "எத்தனை நாளில் திரும்புது?" என்று கேட்டார். அதற்கு முன் இரண்டு வருடம் வெவ்வேறு இடங்களில் 'பிள்ளை தூங்கல டாக்டர்' என்று சொல்லி எனக்குக் கிடைத்ததெல்லாம் சளி மருந்துதான். உங்களுக்கும் பேச்சு வராவிட்டால் பரவாயில்லை, நோட்டை மேசையில் திறந்து வையுங்கள்.

பள்ளிக்கு

நோட்டின் ஒரு பக்கத்தை நகலெடுத்து ஆசிரியரிடம் கொடுங்கள். அவர் அவளைச் சோம்பேறி என்று நினைத்திருக்கலாம். மோசமான வாரம் தோராயமாக எப்போது வரும் என்று முன்கூட்டியே சொன்னால், சோதனையையோ புதிய பிரெய்ல் பாடத்தையோ தள்ளிவைக்க முடியும். வகுப்பின் மூலையில் இருபது நிமிடத் தூக்கத்துக்கு இடம் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். ஓகேயு அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) இன்னும் எடுக்காதவர்கள் சமூக நலத்துறையில் பதிந்துவிடுங்கள். பிடிகே மையத்தில் சேர்க்கவும் மற்ற உதவிகளுக்கும் அது வேண்டும். விடுதிப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் வார்டனிடம் மருந்து நேரத்தை எழுதிக் கொடுங்கள். விடுதியில் எல்லா மருந்தையும் ஒரே நேரத்தில், சாப்பாட்டோடு கொடுத்துவிடக்கூடும்.

தைப்பூசம், தீபாவளி

கட்டுப்பாடு உடையும் நாள்கள் வரும். ரதம் பார்க்க இரவு முழுக்க வெளியே இருந்தால் மறுநாள் மதியம் வரை தூங்க விட்டுவிடுவோம். அங்கேதான் நழுவல் மறுபடி கால் வைக்கும். போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மேளச் சத்தத்தில் அவள் முகத்தைப் பார்க்கிறவர்கள் அப்படிச் சொல்லவும் மாட்டார்கள். மருந்தை அதே நேரத்தில் கூட்டத்துக்கு நடுவிலும் கொடுத்துவிடுங்கள், தூங்குவதற்கு ஒரு பாயும் கையில் இருக்கட்டும். மறுநாள் ரொட்டிக்காரர் ஹார்ன் அடிக்கும்போது எழுப்பிவிடுங்கள். அழுவாள். சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு ஒரு மணி நேரம் தூங்கட்டும், ஆனால் வாசலுக்குப் போய் ரொட்டி வாங்கிய பிறகு.